திராட்சை மதுவும் எண்ணெயும்

சென்ற ஆண்டு ஐப்பசி மாதத்தில் ஒரு ஞாயிறு. திருப்பலி முடிந்து கோயில் முற்றத்தில் நின்றுகொண்டிருந்தேன். எங்கள் போடிநாயக்கனூர்ப் பங்கைச் சேர்ந்த ஒரு தாய் தயங்கித் தயங்கி அருகில் வந்தார். வாரத்தில் ஆறு நாளும் விடியுமுன் ஜீப்பில் ஏறி, மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, போடிமெட்டுக்கு அப்பாலுள்ள ஏலத்தோட்டங்களில் காய் எடுக்கச் செல்பவர் அவர். அவருடைய இளைய மகனுக்கு வயது பத்தொன்பது, இரத்தப் புற்றுநோய். மருந்தினால் நோய் சற்று அடங்கியிருந்தது. அது திரும்பி வராதிருக்க அண்ணனின் குருத்தணுக்களைத் தம்பிக்குச் செலுத்த வேண்டும் என்று வெளியூரிலுள்ள ஒரு மருத்துவமனையில் கூறியிருந்தனர். கையொப்பத்திற்காகக் கொடுக்கப்பட்ட தாள்களை ஒரு துணிப்பையிலிருந்து எடுத்து, "ஒரு தரம் வாசிச்சுச் சொல்லுங்க சார்" என்றார்.

வாசித்தேன். வாசிக்க வாசிக்க என் குரல் தாழ்ந்தது. தோல் சிவந்து உரியலாம், குடல் புண்ணாகி ஓயாத வயிற்றுப்போக்கு ஏற்படலாம், கல்லீரல் பழுதுபடலாம், கிருமித் தொற்று வரலாம், பிற்காலத்தில் பிள்ளைப்பேறு இல்லாது போகலாம், உயிரிழப்பும் நேரலாம். முதல் மூன்றுக்கும் காரணம் அண்ணனிடமிருந்து வரும் அணுக்களே என்றும் அதில் எழுதியிருந்தது.

அந்தத் தாய் இரண்டு கேள்விகள் கேட்டார். "அண்ணன் ரத்தம் தம்பியவே அடிக்குமா சார்?" என்பது முதலாவது. சிறிது நேரம் மௌனமாயிருந்துவிட்டு, "இதெல்லாம் வரும்னு தெரிஞ்சேதான் செய்யிறாங்களா?" என்று கேட்டது இரண்டாவது.

முதற் கேள்விக்கு அறிவியல் விடை தரும். இரண்டாவது கேள்வியோ மனச்சான்றைச் சேர்ந்தது. தீங்கு வரும் என அறிந்தும் ஒரு செயலைச் செய்வது எப்போது அறமாகும்? அன்று அத்தாய்க்கு நான் முழு விடை கூறவில்லை. கூற இயலவில்லை என்பதே உண்மை. அதன்பின் படித்தும் சிந்தித்தும் கண்டதை வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

முதலில் சிகிச்சையின் இயல்பைக் காண்போம். நம் எலும்புகளுக்குள் இருக்கும் மஜ்ஜையே இரத்தத்தின் விளைநிலம். அந்த நிலத்தில் நோய் வேரூன்றிவிட்டால், கடுமையான மருந்துகளாலோ கதிர்வீச்சாலோ அதை ஒடுக்கி, பொருத்தமான ஒருவரின் குருத்தணுக்களை அங்கே விதைக்கின்றனர். உடன்பிறந்த ஒருவர் முழுமையாகப் பொருந்துவதற்கு நான்கில் ஒரு வாய்ப்பே உண்டு. இம்முறையை வளர்த்தெடுத்த அமெரிக்க மருத்துவர் டோனால் தாமஸ் 1990-ஆம் ஆண்டு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். நம் தமிழகத்தில், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 1986-ஆம் ஆண்டிலேயே இச்சிகிச்சை தொடங்கப்பட்டது.

விதையோடு வேறொன்றும் சேர்ந்து வருகிறது. கொடையாளியின் எதிர்ப்புச் சக்திக்குரிய டி-அணுக்களே அவை. தமக்கு அந்நியமானதைத் தேடி அழிப்பது அவற்றின் தொழில். புதிய உடலுக்குள் நுழைந்ததும் எஞ்சியிருக்கும் புற்றுநோய் அணுக்களைத் தேடி அழிக்கின்றன, இது நன்மை. ஆனால் அந்த உடலின் தோலையும் குடலையும் கல்லீரலையும் அந்நியமென்று கருதித் தாக்கவும் கூடும்; இது தீமை. ஒரே அணு, ஒரே வேலை, இரண்டு விளைவுகள். ஆகவே அந்தத் தாயின் முதற் கேள்விக்கு விடை, ஆம் என்பதே. அண்ணனின் அணுக்கள் தம்பியைத் தாக்கக்கூடும்.

அப்படியானால் அந்த டி-அணுக்களை முன்னதாகவே களைந்துவிட்டால் என்ன? மருத்துவர்கள் இதையும் செய்து பார்த்தனர். தாக்குதல் குறைந்தது, ஆனால் புற்றுநோய் திரும்பி வந்தது. பல நாடுகளைச் சேர்ந்த இரண்டாயிரத்திற்கும் மேற்பட்ட நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து 1990-இல் வெளியிடப்பட்ட ஆய்வு இதைத் தெளிவாக்கிற்று. ஒத்த இரட்டையரிடமிருந்து அணுக்களைப் பெற்றவர்களுக்கும் இதுவே நேர்ந்தது. இரட்டையரின் அணுக்களுக்கு உடன்பிறந்தவரின் உடல் அந்நியமாய்த் தோன்றவில்லை. ஆகவே அதைத் தாக்கவில்லை. நோயையும் போதிய அளவு தாக்கவில்லை. வயலில் களைகளைக் கண்ட பணியாளர்கள் உடனே பிடுங்க முற்பட்டபோது, கோதுமையும் சேர்ந்து வந்துவிடுமே என்று தடுத்த நிலக்கிழாரின் உவமை நாம் அறிந்ததே. தீமையை அடியோடு பிடுங்கும் அவசரம் நன்மையையும் பிடுங்கிவிடுகிறது. எனினும் அந்த நிலக்கிழார் வயலை மறந்து உறங்கச் செல்லவில்லை. அறுவடை நாளை மனத்திற் கொண்டே காத்திருந்தார்.

இனி இரண்டாவது கேள்விக்கு வருவோம். திருச்சபையின் அறநெறி மரபில் இதற்கு நெடுநாளைய சிந்தனை உண்டு. புனித அக்குவினாஸ் தோமையார் பதின்மூன்றாம் நூற்றாண்டில், தற்காப்பைப் பற்றி எழுதும்போது, ஒரே செயலுக்கு இரு விளைவுகள் இருக்கக்கூடும் என்றும், ஒன்று நோக்கத்திற்கு உட்பட்டதாகவும் மற்றது நோக்கத்திற்கு அப்பாற்பட்டதாகவும் இருக்கலாம் என்றும் எடுத்துரைத்தார். பின்வந்த அறநூலார் இதனை இரட்டை விளைவுக் கொள்கை என விரித்தனர். செயல் தன்னளவில் தீயதாயிருத்தல் கூடாது. நன்மையே நோக்கமாயிருக்க வேண்டும். தீமையின் வழியாக நன்மையை அடைய முயலக் கூடாது. தீமையைத் தாங்கிக்கொள்வதற்கு ஏற்ற பெரிய காரணம் இருக்க வேண்டும். குருத்தணுச் சிகிச்சை இந்நான்கிற்கும் பொருந்துகிறது என்பதில் ஐயமில்லை.

ஆனால் இங்கே ஓர் ஆபத்து உண்டு. "நான் அதை விரும்பவில்லை, அது பக்க விளைவு" என்று சொல்லிவிட்டால் பொறுப்பு தீர்ந்துவிட்டதாக நாம் எண்ணிவிடுகிறோம். பக்க விளைவு என்னும் சொல்லே நம்மை உறங்கவைக்கும் சொல்லாகிவிடுகிறது. அது யாருக்குப் பக்கம்? மருந்து கொடுப்பவருக்கு அது பக்கத்தில் நிகழ்வது. படுத்திருப்பவருக்கோ நடு உடலில் நிகழ்வது. தோமையாரே இந்த உறக்கத்திற்கு இடம் தரவில்லை. தன்னைக் காக்கத் தேவையான அளவுக்கு மேல் ஒருவர் வன்மையைப் பயன்படுத்தினால், நோக்கம் நல்லதாயினும் செயல் முறையற்றதாகிவிடும் என்பதே அவரது தீர்ப்பு. குறைக்கக்கூடிய தீங்கைக் குறையாது விட்டவர், "நான் நாடவில்லை" என்று தம்மை நியாயப்படுத்திக்கொள்ள முடியாது. ஆகவே தீங்கைத் தடுக்கும் முயற்சியை நல்ல செயலோடு விரும்பினால் சேர்த்துக்கொள்ளும் கருணையாகக் கருதுவது தவறு. அச்செயல் நல்லதாய் நிலைப்பதற்கே அது நிபந்தனை.

இதனை விளங்கிக்கொள்ள நம் மலைச்சரிவுகளே போதும். ஏலச்செடியில் இலைப்பேனும் தண்டுத் துளைப்பானும் தாக்கும்போது மருந்தடிக்கிறோம். காயைக் காப்பதே நோக்கம். ஆனால் ஏலச்செடியின் பூ தரையோரமாகச் சரஞ்சரமாய் மலர்ந்து தேனீக்காகக் காத்திருக்கும் பூ. தேனீ வந்து தொடாவிடில் காய் பிடிப்பது அரிது. காலையில் பூவுக்கு வந்த தேனீ மருந்துக்கு இரையானால், காயைக் காக்க அடித்த மருந்தே காயைக் கெடுக்கிறது. இதனாற்றான் பூக்கும் பருவத்தில் மருந்தைக் குறைக்கவும், அடிக்க நேரிட்டால் தேனீக்கள் திரும்பிய பிற்பகலில் அடிக்கவும் வேளாண் வல்லுநர்கள் அறிவுறுத்துகின்றனர். மருந்தை மறுக்கச் சொல்லவில்லை. நேரம் பார்க்கச் சொல்கின்றனர். தேனீயின் நேரத்தை அறியாதவருக்கு மருந்தின் அளவு தெரிந்தும் பயனில்லை. முதுகில் மருந்துக் கலத்தைச் சுமந்து, முகத்தை ஒரு துண்டால் மட்டும் மூடிச் செல்லும் தொழிலாளியைப் பற்றியும் இதே கேள்வியை நாம் கேட்கலாம்; கேட்க வேண்டும்.

வியப்பு என்னவெனில், குருத்தணுச் சிகிச்சையிலும் நேரம் பார்த்தலே பெரும் முன்னேற்றத்தைத் தந்தது. 1986-ஆம் ஆண்டில் மெத்தோட்ரெக்சேட், சைக்ளோஸ்போரின் என்னும் இரு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் கொடையணுக்களின் தாக்குதல் குறையும் என்று நிறுவப்பட்டது. பின்னர் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவ அறிஞர்கள் வேறொரு வழி கண்டனர். அணுக்களைச் செலுத்திய மூன்றாம், நான்காம் நாட்களில் சைக்ளோபாஸ்பமைடு என்னும் பழைய மருந்தைக் கொடுப்பதே அவ்வழி. அந்த நாட்களில்தான், உடலை அந்நியமெனக் கண்டு வெகுண்ட டி-அணுக்கள் விரைந்து பெருகுகின்றன. பெருகும் வேளையில் மருந்து அவற்றை அடக்குகிறது. குருத்தணுக்களிடத்திலோ அம்மருந்தை முறிக்கும் நொதி மிகுதியாய் இருப்பதால் அவை தப்பிப் பிழைக்கின்றன. பாதியளவே பொருந்தும் தாயோ தந்தையோ கூடக் கொடையாளியாகும் வாய்ப்பை இம்முறை விரிவாக்கியது. முதல் உலகப்போரில் மனிதரைக் கொன்ற கடுகு வாயுவின் வேதியியல் வழிவந்ததே இம்மருந்து என்பதையும் எண்ணிப் பார்க்கலாம்.

அமெரிக்காவில் 431 நோயாளிகளிடம் இதனைச் சோதித்த ஆய்வின் முடிவு 2023-இல் வெளிவந்தது. ஓராண்டின் முடிவில், கடும் தாக்குதலோ நோயின் மீட்சியோ இன்றி உயிரோடிருந்தவர்கள் வழக்கமான முறையில் ஏறத்தாழ 35 விழுக்காட்டினர். இம்முறையில் ஏறத்தாழ 53 விழுக்காட்டினர். மகிழ்ச்சிக்குரிய செய்தியே. ஆயினும் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இன்னும் விடுதலை இல்லை என்பதையும் அதே எண் சொல்கிறது. நம் உடலிலேயே பிற அணுக்களின் சினத்தைத் தணிக்கும் காவல் அணுக்கள் உண்டு என்று 1995-இல் காட்டிய ஜப்பானிய அறிஞர் ஷிமோன் சகாகுச்சி, 2025-ஆம் ஆண்டு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். வலிமை மட்டுமே உடலைக் காப்பதில்லை. வலிமைக்கும் ஒரு காவல் தேவை என்பதைப் படைப்பிலேயே காண்கிறோம்.

பிறருடைய அணுக்களைப் பெறாமல், நோயாளியின் டி-அணுக்களையே வெளியே எடுத்து, புற்றுநோயை அடையாளம் காணுமாறு மாற்றியமைத்துத் திரும்பச் செலுத்தும் இன்னொரு சிகிச்சையும் உண்டு. கார்-டி அணுச் சிகிச்சை எனப்படும் இதைப் பெற்ற முதற் குழந்தை அமெரிக்கச் சிறுமி எமிலி வைட்ஹெட். ஆண்டு 2012, வயது ஆறு. செலுத்திய சில நாட்களில் கடும் காய்ச்சல் கண்டு, மூச்சுக் கருவியின் துணையோடு சாவின் விளிம்பில் கிடந்தாள். செலுத்தப்பட்ட அணுக்கள் தம் வேலையை மிகையாகச் செய்தமையால் எழுந்த புயல் அது. அவளது இரத்தத்தில் இன்டர்லூக்கின்-6 என்னும் பொருள் மிக உயர்ந்திருப்பதை மருத்துவர்கள் கண்டனர். ஆய்வுக்குத் தலைமை தாங்கிய கார்ல் ஜூனின் மகளுக்கு மூட்டுவாத நோய் இருந்தமையால், அப்பொருளைத் தடுக்கும் மூட்டுவாத மருந்தொன்றை அவர் முன்பே அறிந்திருந்தார். அம்மருந்து கொடுக்கப்பட்டது, குழந்தை பிழைத்தாள். ஒரு தந்தையின் கவலை இன்னொரு தந்தையின் குழந்தைக்கு மருந்தாயிற்று. இன்று அந்த மருந்து தயாராக அருகிலிருக்க வேண்டும் என்பது இச்சிகிச்சையின் நியதி.

இச்சிகிச்சை சில வேளை மூளையையும் கலங்கச் செய்யும். அதை முன்னறிய மருத்துவமனைகளில் செய்யும் சோதனை என்னை மிகவும் நெகிழச் செய்தது. செவிலியர் நோயாளியிடம் இது எந்த ஆண்டு, எந்த ஊர் என்று கேட்கிறார். நூறிலிருந்து பத்துப் பத்தாகக் குறைத்து எண்ணச் சொல்கிறார். ஒரு தாளில் ஒரு வாக்கியம் எழுதச் சொல்கிறார். நேற்று நேராக இருந்த எழுத்து இன்று கோணினால், வேறு குறிகள் தெரியுமுன்னரே ஆபத்து தெரிந்துவிடுகிறது. கோடி கோடியாய்ச் செலவிட்டு உருவாக்கிய அணுக்களுக்கு, ஒருவரின் கையெழுத்தை உற்று நோக்கும் இன்னொருவரின் கண் காவலாக நிற்கிறது. தீங்கைத் தடுத்தல் என்பது இறுதியில் இந்தக் கவனமே என்று எனக்குத் தோன்றுகிறது.

நம் நாட்டிலும் மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் டாடா நினைவு மருத்துவமனையும் இணைந்து உருவாக்கிய கார்-டி சிகிச்சைக்கு 2023-இல் ஒப்புதல் கிடைத்தது. 2024 ஏப்ரலில் குடியரசுத் தலைவர் அதனைத் தொடங்கி வைத்தார். வெளிநாட்டு விலையோடு ஒப்பிட்டால் மிகக் குறைவே. எனினும் பல இலட்சம் ரூபாய். வீட்டிலிருந்து வெகுதொலைவில் சில வாரங்கள் தங்கியிருக்கவும் வேண்டும். குருத்தணுச் சிகிச்சை என்றால் ஏறத்தாழ நூறு நாட்கள்.

இங்கேதான் மருத்துவ நூல்கள் எழுதாத பக்க விளைவுகள் தொடங்குகின்றன. தினக்கூலி வாங்கும் தாய் நூறு நாள் மலை ஏறாவிட்டால் அடுப்பு எப்படி எரியும்? துணைக்குச் செல்லும் அண்ணனின் வேலை என்னாகும்? வட்டிக்கு வாங்கிய பணம் எத்தனை ஆண்டு தொடரும்? மீண்டு வந்த இளைஞனுக்கு நெடுநாள் மண்ணையும் பூஞ்சணம் படிந்த சருகையும் வெயிலையும் விலக்க வேண்டும் என்பது கட்டளை. நம் ஏலத்தோட்டமோ ஈரமும் நிழலும் மக்கிய சருகுமாக இருக்கும் நிலம். செடிக்கு உயிரான அந்த ஈரச் சருகே அவன் நுரையீரலுக்குப் பகை. அவனைப் பிழைக்கவைத்த நாம், மீண்டும் அதே சரிவுக்கு அனுப்பினால் பாதி வேலையையே செய்தவர்களாவோம். இந்தத் தீங்கைத் தடுக்கும் மருந்து எந்த மருந்தகத்திலும் கிடைக்காது. அது ஊராரின் கையில் இருக்கிறது.

பக்தியுள்ள நம்மில் சிலர், "துன்பம் சிலுவையல்லவா, அதை ஏற்றுக்கொள்வதுதானே கிறித்தவ வாழ்வு?" என வினவலாம். ஒருவர் தம் துன்பத்தை ஆண்டவரின் பாடுகளோடு இணைத்து ஒப்புக்கொடுப்பது உயர்ந்த கொடை. அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் கொடை என்பது கொடுப்பவர் தாமாகத் தருவது. பிறர் தோளில் சிலுவையை ஏற்றிவிட்டு, அதன் மாண்பைப் பற்றி மறையுரை ஆற்றும் உரிமை நமக்கில்லை. வலியைத் தணிக்கும் மருந்துகளை ஏற்பது முறையே என்று திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1957-ஆம் ஆண்டிலேயே மருத்துவர்களுக்குத் தெளிவுபடுத்தினார். உயிரைக் காக்க அளவு கடந்த சுமையாகும் வழிமுறைகளை ஏற்கும் கட்டாயம் எவருக்கும் இல்லை என்பதும் அதே ஆண்டில் அவர் தந்த விளக்கம். ஆகவே இச்சிகிச்சை வேண்டாமென்று ஒரு குடும்பம் கண்ணீரோடு முடிவு செய்தாலும், அவர்களைக் குற்றவாளிகளாக நோக்குதல் தகாது.

நல்ல சமாரியரை நினைவுகூர்வோம். அடிபட்டுக் கிடந்தவரின் காயங்களில் அவர் இரண்டு பொருள்களை வார்த்தார். திராட்சை மது காயத்தைத் தூய்மையாக்கும், ஆனால் எரியும். எண்ணெய் அந்த எரிச்சலை ஆற்றும். மதுவை மட்டும் வார்த்துச் சென்றிருந்தாலும் அவர் நன்மை செய்தவரே ஆவார். ஆனால் மதுவின் எரிச்சலையும் தம் பொறுப்பாகக் கருதியவர் அவர். அத்தோடும் நிற்கவில்லை. சாவடிக்குக் கொண்டு சென்று அன்றிரவு பார்த்துக்கொண்டார். மறுநாள் இரண்டு தெனாரியம் கொடுத்தார். மேற்கொண்டு ஆகும் செலவையும் திரும்பி வரும்போது தருவதாகச் சொன்னார். சிகிச்சை, அதன் வலிக்கு ஆறுதல், இரவுக் காவல், தங்குமிடம், பின்வரும் செலவு ஆகிய ஐந்தும் சேர்ந்ததே அவர் காட்டிய இரக்கம். இதில் எதுவும் பக்கத்தில் இல்லை. யாவும் நடுவிலேயே இருக்கின்றன.

எனவே நம்மால் இயல்வது என்ன? மருத்துவர் ஆற்றும் பணியை நாம் ஆற்ற இயலாது. ஆனால் இரத்தமும் தட்டணுக்களும் கொடுக்கலாம். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு 2009 முதல் இயங்கும் தாத்ரி போன்ற பதிவேடுகளில் நம் இளைஞர்கள் குருத்தணுக் கொடையாளியாகப் பெயர் தரலாம். நம் வின்சென்ட் தே பவுல் சபையார் மருந்துச் செலவோடு வாடகையையும் வழிச்செலவையும் நினைக்கலாம். தோட்ட உரிமையாளராக இருப்பவர், மீண்டு வந்தவருக்குச் சரிவில் அல்லாமல் கணக்கு எழுதும் வேலையைத் தரலாம். இவை எண்ணெய்த் துளிகள். இவையின்றி மது எரிந்துகொண்டே இருக்கும்.

தை மாதத்தில் அண்ணனின் அணுக்கள் தம்பிக்குச் செலுத்தப்பட்டன. அண்ணன் ஜீப் ஓட்டும் வேலையை விட்டு, மருத்துவமனைக்கு அருகில் ஒரு சிறு அறையில் தங்கித் தம்பிக்குச் சமைத்துப் போட்டார். தாய் வழக்கம்போல் மலை ஏறினார். இருவருக்கும் பணம் அனுப்ப வேறு வழியில்லை. நாற்பதாம் நாளையொட்டி ஒரு காலையில் தம்பியின் உள்ளங்கைகள் சிவந்திருப்பதை அண்ணன் கண்டார். அடுத்த பரிசோதனைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. அவர் காத்திருக்கவில்லை, அன்றே அழைத்துச் சென்றார். தாக்குதல் தோலோடு இருக்கும்போதே மருந்து தொடங்கப்பட்டது.

உயிர்ப்புப் பெருவிழாவுக்குப்பின் தாயைச் சந்தித்தேன். மகன் இன்னும் மருந்து உட்கொள்கிறான். நோய் திரும்பாது என்று உறுதி சொல்வார் எவருமில்லை. அவன் எப்போது ஊர் திரும்புவான், திரும்பினால் என்ன வேலை செய்வான் என்பதும் தெரியவில்லை. அவர் தம் முதற் கேள்வியை மறந்திருக்கவில்லை. "அடிக்கத்தான் செஞ்சுச்சு சார். ஆனா பெரியவனே பாத்துக் கண்டுபிடிச்சுட்டான்" என்றார்.

அவரது இரண்டாவது கேள்விக்கு அப்போதுதான் என்னால் விடை கூற முடிந்தது. "ஆமாம்மா, தெரிஞ்சேதான் செய்யிறாங்க. தெரிஞ்சதாலதான் கண்ணு மூடாம பாத்துக்கிட்டிருக்காங்க" என்றேன். அறிந்து செய்யும் தீங்கிற்கு அறத்தின் முன்னிலையில் ஒரே ஒரு மறுமொழிதான் உண்டு. அறிந்தவர் விழித்திருக்க வேண்டும். அந்த இரவுக் காவலில் நமக்கும் ஒரு சாமம் ஒதுக்கப்பட்டிருக்கிறது என்பதை மறவாதிருப்போமாக.